இசைத்தட்டும் தப்பும்: கண்டிப் பிரதேசத்து இசை கேட்டல் வரலாறு பற்றிச் சில சிந்தனைகள்

1. பிரச்சினை

இசையின் வரலாறு எனப்படுவது பெரும்பாலும் இசை வல்லாரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பாடியவர் யார், இயற்றியவர் யார், ஆதரித்த புரவலர் யார் என்னும் வினாக்களோடு அது நின்றுவிடுகின்றது. கேட்டவர் யார், எக்கருவியின் துணைகொண்டு கேட்டனர், கேட்டதை யாரோடு பகிர்ந்துகொண்டனர், எதனைக் கேளாது விட்டனர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. ஆயின் இருபதாம் நூற்றாண்டின் இசையைப் பொறுத்தவரை இவ்வினாக்களைத் தவிர்த்தல் இயலாது. ஒலிப்பதிவு தோன்றிய பின்னர் இசை ஒரு பண்டமாயிற்று. விலைக்கு வாங்கத்தக்கதாகவும், இரவல் கொடுக்கத்தக்கதாகவும், கடல் கடந்து செல்லத்தக்கதாகவும் ஆயிற்று. பண்டமாகிய இசையின் வரலாற்றில் அதனை நுகர்ந்தோரும் பங்காளிகளே.

இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ஜாஸ் இசையாகும். ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் வழித்தோன்றல்களிடையே உருவானது இவ்விசை. எனினும் முதன்முதலில் ஜாஸ் என்ற பெயரில் இசைத்தட்டு வெளியிடும் வாய்ப்பு 1917இல் 'ஒரிஜினல் டிக்சிலாண்ட் ஜாஸ் பாண்ட்' என்னும் வெள்ளையர் குழுவுக்கே கிட்டிற்று. 1920இல் மேமி சிமித் என்னும் கறுப்பினப் பாடகியின் 'கிரேசி புளூஸ்' பெருந்தொகையாக விற்பனையான பின்னரே, கறுப்பினத்தவரும் இசைத்தட்டு வாங்குவோர் என்பதை நிறுவனங்கள் உணர்ந்தன. இவ்விசை ஆய்வுக்குரிய பொருள் என்பதைப் பல்கலைக்கழகங்கள் ஏற்பதற்கு முன்னரே, பழைய தட்டுகளைத் தேடிச் சேர்த்துத் தம்முள் பரிமாறிக்கொண்ட சுவைஞர்கள் அதற்கொரு வரலாற்றை வகுத்துவிட்டனர். 1932இல் பிரான்சில் தோன்றிய ஜாஸ் சுவைஞர் கழகமும், எத்தட்டில் யார் யார் எக்கருவியை வாசித்தனர் என 1936இல் சார்ல் டெலோனே தொகுத்து வெளியிட்ட பட்டியலும் இவ்வகையில் முக்கியமானவை. 1933 முதல் ஜோன் லோமாக்ஸ் என்பாரும் அவருடைய மகன் அலனும் ஒலிப்பதிவுக் கருவியுடன் தென் மாநிலச் சிறைச்சாலைகளுக்குச் சென்று, கறுப்பினக் கைதிகளின் தொழிற்பாடல்களைப் பதிவுசெய்து அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் சேர்த்தனர். ஆக, கேட்போரின் பகிர்வு வெறும் பொழுதுபோக்காக நின்றுவிடவில்லை. எது பேணத்தக்கது, எது மறக்கத்தக்கது என்பதைத் தீர்மானிக்கும் ஆற்றலாகவும் அது விளங்கியுள்ளது.

இவ்வாற்றல் கண்டி நகரிலும் அதன் சூழலிலும் எவ்வாறு தொழிற்பட்டது என்பதை நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். உலகின் மறுகோடியில் ஒரு பெருந்தோட்டச் சமூகம் படைத்த இசைக்குச் செவிகொடுத்த இந்நகரம், தன்னைச் சூழ்ந்துள்ள மலைகளின் பெருந்தோட்டச் சமூகம் படைத்த இசைக்கு ஏன் அதே வகையிற் செவிகொடுக்கவில்லை என்பதே இங்கு எழுப்பப்படும் வினாவாகும்.

2. போரும் வானொலியும்

கண்டிக்கு ஐரோப்பிய இசை புதிதன்று. 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமான பின்னர், படைமுகாமும் கிறித்தவ ஆலயமும் ஆங்கிலப் பாடசாலையும் தோட்டத் துரைமாரின் களியாட்ட மண்டபமும் அதனைக் கொணர்ந்தன. எனினும் நவீன வெகுசன இசை பெருமளவிற் புகுந்த கட்டமாக இரண்டாம் உலக யுத்தத்தையே கொள்ளவேண்டும். 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் கீழிருந்த தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைத் தலைமையகம் புது டில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றப்பட்டது. அதன் அலுவலகங்கள் பேராதனைத் தாவரவியற் பூங்காவில் அமைந்தன. பிரித்தானிய, அமெரிக்கப் படையினரும் அலுவலரும் ஆயிரக்கணக்கில் இச்சிறு நகரத்துக்கு வந்து சேர்ந்தனர். அவர்களின் மாலைப்பொழுதுக்கு வேண்டிய நடன இசை அக்காலத்தில் ஜாஸ் அடிப்படையிலான இசையாகவே இருந்தது.

படையினருக்கெனக் கொழும்பிலிருந்து 'ரேடியோ சீயாக்' என்ற வானொலி இயங்கிற்று. பி.பி.சி.யில் ஜாஸ் நிகழ்ச்சிகளைத் தயாரித்துப் பெயர்பெற்ற சார்ல்ஸ் சில்ற்றன் அங்கு பணியாற்றினார் என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. 1946இல் ஏக்கலையில் நிறுவப்பட்ட 100 கிலோவாற்று ஒலிபரப்புக் கருவி ஆசியாவின் பெரும்பகுதியை எட்டும் வலிமை வாய்ந்தது. படைகள் சென்ற பின்னர் இவ்வமைப்பு இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கிற்று. பின்னாளில் இந்தி, தமிழ்த் திரைப்பாடல்களை இந்தியா முழுவதும் பரப்பிய புகழுக்கு அடித்தளம் இட்டது இவ்வாறு எஞ்சிய யுத்த உடைமையே எனலாம்.

1951இல் செய்யப்பட்ட ஓர் உடன்படிக்கையின்படி 'வொய்ஸ் ஒஃப் அமெரிக்கா' நிகழ்ச்சிகளும் இலங்கை வானொலியூடாக ஒலிபரப்பாயின. 1955இல் அந்நிலையம் வில்லிஸ் கொனோவர் நடத்திய ஜாஸ் நிகழ்ச்சியைத் தொடங்கிற்று. ஆங்கிலம் தாய்மொழியல்லாதோரும் விளங்கிக்கொள்ளுமாறு நிதானமாகப் பேசிய அவருடைய குரல் நாற்பது ஆண்டுகள் உலகெங்கும் ஒலித்தது. சிற்றலையில் இரைச்சலுக்கிடையே ஒரு பெயரைக் கேட்பது, அதைக் குறித்துக்கொள்வது, பின்னர் அந்தப் பெயருடைய தட்டு எவரிடமேனும் உண்டா எனத் தேடுவது என்பதாகப் பல நாட்டுச் சுவைஞரின் கல்வி அமைந்தது.

இது பனிப்போர்க் காலம் என்பதை மறத்தலாகாது. டேவ் புரூபெக்கின் குழு 1958இலும், டியூக் எலிங்டனின் இசைக்குழு 1963இலும் அமெரிக்க அரசுத் திணைக்களத்தின் அனுசரணையுடன் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தன. தன் நாட்டில் கறுப்பினத்தவருக்குச் சம உரிமை வழங்காத ஓர் அரசு, அவர்தம் இசையைச் சுதந்திரத்தின் சான்றாக உலகுக்குக் காட்ட முற்பட்டது. இம்முரண்பாட்டைக் கலைஞர்களும் உணர்ந்திருந்தனர். 1957இல் லிட்டில் ரொக் நகரில் கறுப்பின மாணவருக்குப் பாடசாலை மறுக்கப்பட்டபோது, அரசின் சார்பிற் சோவியத் நாட்டுக்குச் செல்ல லூயி ஆம்ஸ்ட்ரோங் மறுத்தார். எலிங்டனின் பயணம் நடைபெற்ற 1963இன் செப்தெம்பரில் பர்மிங்ஹாம் நகரத் தேவாலயமொன்றிற் குண்டு வெடித்துக் கறுப்பினச் சிறுமியர் நால்வர் கொல்லப்பட்டனர். அத்துயரை முன்னிட்டு ஜோன் கொல்ட்ரேன் இயற்றிய 'அலபாமா' அதே ஆண்டு நவம்பரிற் பதிவாயிற்று. ஓர் அரசு அனுப்பிய செய்தியும் அதனூடே வந்து சேர்ந்த இசை கூறிய செய்தியும் ஒன்றல்ல என்பதை இசைத்தட்டைக் கவனித்துக் கேட்டோர் அறிய முடிந்தது. இவ்விசையைப் பண்பாட்டு ஏகாதிபத்தியம் என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

3. நீண்ட தட்டும் கூட்டு நுகர்ச்சியும்

அரக்கினாலான பழைய தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஒலிக்கும். 1948இல் அறிமுகமான நீண்ட நேரத் தட்டு ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் ஒலித்தது. இம்மாற்றம் வெறும் தொழினுட்ப மாற்றமன்று. தனிப்பாடல் என்ற அலகுக்குப் பதிலாகத் தொடர்ச்சியும் கருத்தொருமையும் கொண்ட தொகுப்பு என்ற அலகு தோன்றிற்று. தட்டின் உறையில் அச்சிடப்பட்ட குறிப்புரை இசை வரலாற்றுப் பாடநூலாகவும் அமைந்தது. வாசித்தவர் பெயர், பதிவான நாள், இடம் ஆகியன அங்கு தரப்பட்டன.

1952இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பேராதனைக்குப் பெயரத் தொடங்கியதும் கண்டிச் சூழலில் ஒரு புதிய படித்த வட்டம் உருவாயிற்று. பல மொழியினரும் பல மாவட்டத்தினரும் விடுதிகளில் ஒருங்கு வாழ்ந்தனர். இசைத்தட்டு விலையுயர்ந்த பண்டமாதலின், உடைமை தனியுடைமையாயினும் நுகர்ச்சி கூட்டு நுகர்ச்சியாகவே அமைய வேண்டியிருந்தது. பாட்டுப்பெட்டி உள்ள இடத்திற் பலர் கூடிக் கேட்டல், தட்டை இரவல் கொடுத்து வாங்கல், வெளிநாடு சென்று மீள்வோரிடம் சொல்லி வைத்தல் என்பன இக்காலச் சுவைஞர் வாழ்வின் பொதுக் கூறுகள். ஒருவர் கருநாடக இசையிலிருந்தும், மற்றொருவர் மேலைச் செவ்வியல் இசையிலிருந்தும், வேறொருவர் பைலாவிலிருந்தும் ஜாஸை அணுகக்கூடிய சூழல் இத்தகைய இடங்களிலேயே தோன்றுகின்றது.

தமிழ்ச் செவி இவ்விசையில் அறிமுகமான கூறுகளைக் கண்டுகொள்ளுதல் கடினமன்று. புரூபெக் குழுவினர் 1958 பயணத்தின் பின்னர் 1959இல் வெளியிட்ட 'டைம் அவுட்' என்ற தட்டில் ஐந்து எண்ணிக்கையிலும் ஒன்பது எண்ணிக்கையிலும் அமைந்த உருப்படிகள் உள்ளன. மேலைச் சுவைஞருக்குப் புதுமையாகத் தோன்றிய இவை, கண்டம், சங்கீர்ணம் எனத் தாளக் கணக்குப் பயின்ற எவருக்கும் பழகியவை. கொல்ட்ரேன் 1961இல் 'இந்தியா' என்ற பெயரில் ஓர் உருப்படியை வாசித்தார்; ரவிசங்கரிடம் கொண்ட மதிப்பினால் 1965இற் பிறந்த தம் மகனுக்கு ரவி என்று பெயரிட்டார். மனோதர்ம இசையே உயிராகக் கொண்ட இரு மரபுகள் இசைத்தட்டின் வழியாகவே ஒன்றையொன்று முதலிற் கேட்டன.

ஆயின் இவ்வட்டத்தின் எல்லையும் தெளிவானது. ஆங்கிலக் கல்வியும், பாட்டுப்பெட்டி வாங்கும் வசதியும், மாலையில் அமர்ந்து கேட்கும் ஓய்வும் உடையோரே அதன் உறுப்பினராதல் கூடும். ஓய்வு என்பதும் ஒரு வர்க்கத்தின் உடைமையே.

4. பெயரின்றி வந்த ஜாஸ்

இதன் பொருள், நகரத்துக்கு வெளியே இருந்தோர் ஜாஸைக் கேட்கவில்லை என்பதன்று. அவர்கள் அதனை வேறு பெயரிற் கேட்டனர். பம்பாய், கல்கத்தா விடுதிகளில் ஜாஸ் வாசித்த கோவா இசைக்கலைஞர் பலர் 1940களிலிருந்து இந்தித் திரைப்பட இசைக்குழுக்களிற் சேர்ந்தனர். எக்காளமும் சாக்ஸபோனும் அவர்களுடன் திரைப்பாடலுக்குள் வந்தன. தமிழ்த் திரையிலும் விசுவநாதன்–இராமமூர்த்தி போன்றோர் மேலை நடன இசையின் இலயங்களைத் தமிழ் மெட்டுகளோடு இணைத்தனர். 1964இல் வெளியான 'காதலிக்க நேரமில்லை' இதற்குத் தக்க சான்று.

1952இல் இந்திய அமைச்சராயிருந்த பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களைக் கட்டுப்படுத்த, அவ்விடத்தை இலங்கை வானொலி நிரப்பிற்று. எஸ்.பி. மயில்வாகனம் முதலான அறிவிப்பாளரின் குரல் தமிழகத்திலும் ஈழத்திலும் வீட்டுக் குரலாயிற்று. 1960களில் மலிவான திரான்சிஸ்டர் பரவியபோது, தோட்ட லயங்களும் இந்த வலைக்குட் சேர்ந்தன. எனவே நியூ ஓர்லியன்சின் வாத்திய முறை ஒன்று பம்பாய்க்கும் சென்னைக்கும் கொழும்புக்கும் சுற்றி வந்து, கண்டி மலைகளின் தொழிலாளியின் செவியை அடைந்தது. நகரச் சுவைஞருக்கு அது பெயரும் ஆண்டும் கலைஞர் பட்டியலும் உடைய இசை. தொழிலாளிக்கு அது திரைப்பாட்டின் இடையிசை. இருவரும் கேட்டது ஒரே மூலத்திலிருந்து வந்ததாயினும், அதனைப் பெயரிட்டு உரிமை கொண்டாடும் வாய்ப்பு ஒருவருக்கே இருந்தது.

1970களின் தமிழ்ப் பொப் இசையும் இங்கு நினைக்கத்தக்கது. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் ஆகியோர் பைலாவையும் மேலைப் பொப் இசையையும் பேச்சுத் தமிழோடு சேர்த்தனர். இரவலாகக் கேட்ட இசையிலிருந்து சொந்த இசை பிறக்கும் என்பதற்கு அது சான்று.

5. மலைச்சரிவின் இசை

இனி எமது வினாவுக்கு வருவோம். பேராதனை வளாகத்துக்கு மேலே ஹந்தானை மலைச்சரிவில் தேயிலைத் தோட்டமும் லயங்களும் உள்ளன. இலங்கையின் பெருந்தோட்டப் பொருளாதாரமே கண்டியைச் சூழ்ந்த இம்மலைகளில்தான் தோன்றிற்று. 1820களில் ஜோர்ஜ் பேர்ட் கம்பளைக்கு அண்மையிற் கோப்பி பயிரிட்டார். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலையைத் தொடங்கினார். தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட தமிழ்த் தொழிலாளர் தம்முடன் காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய கூத்துகளையும் தப்பு என்னும் தோற்கருவியையும் கொணர்ந்தனர். மரவளையத்தில் தோல் போர்த்து, நெருப்பிற் காய்ச்சிச் சுருதி கூட்டி, நீண்ட மெல்லிய குச்சியும் குறுந்தடியும் கொண்டு அடிக்கப்படும் இக்கருவியின் அடிமுறைகள் திருவிழாவுக்கும் சாவுக்கும் கூத்துக்கும் வெவ்வேறானவை.

இங்கு இரு பெருந்தோட்ட அமைப்புகளை ஒப்புநோக்குதல் பயன் தரும். 1739இல் தென் கரோலினாவில் நிகழ்ந்த ஸ்டோனோ அடிமைக் கிளர்ச்சியின்போது கிளர்ச்சியாளர் பறை முழக்கிச் சென்றனர். அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் அடிமைகள் பறை வைத்திருத்தலைத் தடைசெய்தது. அங்கே தோட்ட முதலாளி தோற்கருவியைக் கண்டு அஞ்சினான். இலங்கையிலோ தோட்ட நிருவாகம் தப்பைத் தடைசெய்யவில்லை. அதனைத் தன் கடிகாரமாக்கிற்று. விடியுமுன் தொழிலாளரை எழுப்பிப் பெரட்டுக்களத்துக்கு அழைக்கத் தப்பு அடிக்கப்பட்டது. விழாவிலும் கூத்திலும் மக்களுக்கு உரியதாயிருந்த கருவியே காலையில் உழைப்பின் கட்டளையாயிற்று. தடை செய்யப்பட்ட இசை கைதட்டலிலும் காலடியிலும் குரலிலும் புகுந்து புதிய வடிவங்களைத் தேடிற்று. கட்டளையாக்கப்பட்ட இசையோ தன்னை அடித்தவனுக்கே சுமையாயிற்று.

இதனோடு சாதியும் சேர்ந்தது. தப்பு அடித்தல் ஒடுக்கப்பட்ட சாதியினர்மீது சுமத்தப்பட்ட கடமையாகத் தமிழகத்திலிருந்தே வந்தது. எனவே சுயமரியாதை பெற விரும்பிய இளைஞர் அக்கருவியைக் கைவிடுதல் இயல்பே. கறுப்பின நடுத்தர வர்க்கத்தாரிற் பலர் புளூஸ் இசையை இழிவெனக் கருதி விலகியமை இதனோடு ஒப்பிடத்தக்கது. ஆயின் அங்கே இசைத்தட்டும் அதனைத் தேடிச் சேர்த்த சுவைஞரும் இழிவெனப்பட்டதைப் பெருமையாக மாற்றும் வழியொன்றைத் திறந்தனர். இங்கே அத்தகைய இடையீடு நிகழவில்லை. தமிழகத்தில் தலித் இயக்கங்கள் பறையை விடுதலையின் குறியீடாக மீட்டெடுத்தமை மிகப் பிந்திய நிகழ்ச்சியாகும்.

கண்டி மேளத்தின் நிலையும் ஆராயத்தக்கது. கண்டிய நடனமும் அதன் மேளமும் சுதந்திரத்தின் பின்னர் தேசியப் பண்பாட்டின் சின்னங்களாக உயர்த்தப்பட்டன. அதனை வாசித்த பெரவாச் சாதியினரின் சமூக நிலை அதே அளவு உயரவில்லை என்பது வேறு செய்தி. எனினும் அக்கருவிக்கு அரசும் பாடசாலையும் பெரஹராவும் இருந்தன. தப்புக்கு நாடே இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரைப் பெரும்பாலும் நாடற்றோராக்கிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். கடவுச்சீட்டுக்காக மக்கள் நாடி வந்த இந்திய உதவி உயர் தானிகர் அலுவலகம் கண்டி நகரிலேயே அமைந்திருந்தது. ஒரே நகரத்தில் ஒரு சாரார் கடல் கடந்து வரும் இசையை எதிர்பார்த்திருந்த ஆண்டுகளில், மற்றொரு சாரார் கடல் கடந்து போவதற்கான தாள்களுக்காக நின்றனர். தலைமன்னார்க் கப்பலில் ஏறிய குடும்பங்களோடு கூத்து வாத்தியார்களும் தப்புக் கலைஞர்களும் சென்றனர். அவர்தம் அடிமுறைகளும் சென்றன.

தமிழ் ஆய்வுலகமும் இப்பொறுப்பிலிருந்து விலக முடியாது. பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் நிகழ்த்திய கூத்து மறுமலர்ச்சி ஒப்பற்ற சாதனை. 'கர்ணன் போர்' (1962) முதல் 'வாலிவதை' (1968) வரையான தயாரிப்புகள் படித்த தமிழரின் மதிப்பீட்டையே மாற்றின. மட்டக்களப்பு நாட்டுப் பாடல்கள் 1960இலும் மன்னார் நாட்டுப் பாடல்கள் 1964இலும் நூலாயின. ஆயின் வளாகத்துக்கு மேலுள்ள மலையின் கூத்துக்கு அதே கவனம் உரிய காலத்திற் கிட்டவில்லை. மலையகத்தின் வாய்மொழிப் பாடல்களை நெடுங்காலம் சேகரித்தவர் தோட்டத்திற் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளையே. அவர் தொகுத்த 'மாமன் மகனே' அவர் மறைவுக்குப் பின்னர் 1987இல் வெளியாயிற்று. அதுவும் நூலே. பாடலின் சொல் அச்சேறியது. அதற்கு அடித்த அடி அச்சேறவில்லை. லோமாக்ஸ் குடும்பத்தாரின் பணிக்கு ஒப்பான ஒலிப்பதிவுப் பணி ஒன்று இம்மலைகளில் அக்காலத்தே நிகழவில்லை.

6. ஒரு தட்டின் தலைப்பு

1971இல் நியூயோர்க்கில் வெளியான ஓர் இசைத்தட்டு இப்பிரச்சினையைத் துலாம்பரமாக்குகின்றது. கொல்ட்ரேன் 1967இல் மறைந்த பின்னர் அவர் மனைவியும் பியானோக் கலைஞருமான அலிஸ் கொல்ட்ரேன் ஆழ்ந்த துயருக்கு ஆளாகி, ஆன்மிக வழிகாட்டி ஒருவரை நாடினார். அவர் வெளியிட்ட 'ஜேர்னி இன் சச்சிதானந்தா' என்ற தட்டின் தலைப்பு அவ்வழிகாட்டியின் பெயரைக் கொண்டது. அவர் கோயம்புத்தூருக்கு அண்மையில் 1914இற் பிறந்த தமிழர். ரிஷிகேசத்துச் சிவானந்தரின் சீடர். 1950களில் இலங்கைக்கு வந்து, 1966இல் மேலைநாடுகளுக்குச் செல்லும்வரை கண்டியில் தபோவனம் அமைத்து வாழ்ந்தவர். அவரை மேலைநாட்டுக்கு அழைத்த கொன்ராட் ரூக்ஸ் என்ற திரைப்பட நெறியாளர், தம் படமொன்றுக்காக ஜாஸ் கலைஞர் ஓர்நெற் கோல்மனிடம் இசை எழுதி வாங்கியவர். 1969இல் வூட்ஸ்டொக் இசைவிழாவைத் தொடக்கி வைத்தவரும் இதே சச்சிதானந்தரே.

அலிஸ் கொல்ட்ரேன் யாழ்க் கருவியையும் பியானோவையும் வாசிக்க, பரோவா சாண்டர்ஸ் சாக்ஸபோனையும், செசில் மக்பி அடித்தந்தியையும், ரஷீத் அலி முழவையும் இசைக்கின்றனர். பின்னணியில் தம்புரா இடையறாது ஒலிக்கின்றது. ஜாஸ் வரலாற்றில் இது மிக உயர்வாக மதிக்கப்படும் தட்டுகளுள் ஒன்று, இன்றும் மறுபதிப்பாகின்றது.

இலங்கையில் 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாயிருந்தமையால், கண்டியில் வாழ்ந்த ஒருவரின் பெயர் தாங்கிய அத்தட்டு கண்டிக்கு எளிதில் வந்து சேரக்கூடிய காலமாக அது இருக்கவில்லை. இதைவிட முக்கியமான உண்மை வேறொன்று. கண்டியிலிருந்து உலக இசைக்குச் சென்றவை ஒரு துறவியின் பெயரும் தம்புராவின் சுருதியுமாகும், தப்பின் அடியன்று. இதற்காக அலிஸ் கொல்ட்ரேனைக் குறைகூறுதல் பொருந்தாது. அடிமைத்தனத்தின் நினைவைச் சுமந்த ஒரு சமூகத்தின் பெண், தம் சமூகத்துக்கு வெளியே ஒரு மாண்பைத் தேடினார். அவருக்குக் கிட்டிய ஆசியா, ஏற்கெனவே வடிகட்டப்பட்ட ஆசியாவாகும். வடிகட்டியவர் அவரல்லர். ஏற்றுமதிக்குரிய பண்பாடு எது, வீட்டின் பின்புறத்தில் மறைத்துவைக்க வேண்டியது எது என்பதை முன்னரே தீர்மானித்தவர்கள் நம்மவரே. தேயிலை இம்மலைகளின் பெயரோடு உலகெங்கும் சென்றது. அதனைப் பறித்தவரின் இசை செல்லவில்லை.

7. ஒலிநாடாவும் அதன் பின்னரும்

1977இன் பின்னர் வந்த திறந்த பொருளாதாரம் ஒலிநாடாக் கருவிகளைப் பெருந்தொகையாகக் கொணர்ந்தது. விரும்பிய பாடல்களைப் பட்டியலிட்டுக் கொடுத்தால் நாடாவிற் பதிந்து தரும் 'ரெக்கோடிங் பார்'கள் நகரங்கள் தோறும் தோன்றின. இசைத்தட்டு, கேட்பவனுக்குக் கேட்கும் உரிமையை மட்டுமே தந்தது. ஒலிநாடாவோ பதிவுசெய்யும் ஆற்றலையும் தந்தது. ஒரு தோட்டத்துக் கூத்தையோ சாவுவீட்டு ஒப்பாரியையோ பதிவுசெய்ய இனி நிறுவனத்தின் தயவு வேண்டியதில்லை என்ற நிலை தொழினுட்ப அளவில் ஏற்பட்டது. ஆயின் கருவி மாறியவுடன் செவியும் மாறிவிடுவதில்லை. 1983 யூலையில் கண்டியிலும் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டபோது, வீட்டுச் சேகரிப்பு எத்துணை நிலையற்றது என்பதும் வெளிப்பட்டது.

இன்று நிலைமை பெரிதும் மாறியுள்ளது. 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கிற்று. 2023இல் மலையக மக்களின் இருநூறாண்டு வருகை நினைவுகூரப்பட்டது. கைத்தொலைபேசி ஒவ்வொன்றும் ஒலிப்பதிவுக் கருவியாகவும் இசைக்களஞ்சியமாகவும் விளங்குகின்றது. ஆயினும் எதைத் தேடுவது என்பதை அறிந்தவருக்கே களஞ்சியம் திறக்கும் என்பது அன்றுபோல் இன்றும் உண்மை.

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படுவது இதுவே. கண்டிப் பிரதேசத்து இசைச்சுவைஞர் ஜாஸைக் கேட்டமை குறையன்று. ஒடுக்கப்பட்டோர் படைத்த ஒரு பேரிசையை அறிந்து மதித்தமை அவர்தம் பெருமை. குறை, அவ்விசையிலிருந்து கற்றிருக்க வேண்டிய பாடத்தைக் கல்லாமையிலேயே உள்ளது. ருசி வேறுபாடு இதற்குக் காரணமன்று. சாதியும், பிரசாவுரிமை மறுப்பும், தொழிலாளியை வாங்குவோனாகவோ கலைஞனாகவோ எண்ணாத சந்தையும் சேர்ந்தே செவியின் எல்லையை வகுத்தன.

எனவே செய்யவேண்டிய பணியும் தெளிவானது. டெலோனே 1936இல் ஜாஸுக்குச் செய்ததை மலையகத்துக்குச் செய்தல் வேண்டும். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, எந்தக் கூத்து, தப்பு அடித்தவர் யார், அவர் யாரிடம் பயின்றார், எந்த அடிக்கு என்ன பெயர் என்பன பதிவாதல் வேண்டும். லயங்களிலும் ஆசிரியர் வீடுகளிலும் பழுதடைந்துவரும் ஒலிநாடாக்கள் திரட்டப்பட வேண்டும். இராமேசுவரம் வழியாகச் சென்று நீலகிரியிலும் பிற இடங்களிலும் குடியேறிய முதியோரின் நினைவிலுள்ள அடிமுறைகள் கேட்டறியப்பட வேண்டும். கலைஞரின் பெயர் பதிவில் முதலிடம் பெறுதல் இன்றியமையாதது. பெயரற்ற நாட்டார் என்ற வகைப்பாட்டில் அவர்களை மீண்டும் புதைத்தல் முன்னைய தவறின் தொடர்ச்சியாகிவிடும். இதற்குப் பெருநிதியத்தைவிட முதலில் வேண்டப்படுவது செவிகொடுக்கும் மனமாகும். பேராதனை வளாகத்திலிருந்து ஹந்தானை லயங்களுக்கு நடந்தே செல்லலாம்.